உடைந்த ஊசியை ஏன் மறைத்தார்கள்?

கேள்வி: திருப்பூர் பனியன் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு, கணவரின் வேலை காரணமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். மோபெனியில் உள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். முதலாளி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். தையல் லைன்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள். பெரும்பாலோர் ஜூலு, மற்றவர்கள் இந்திய வம்சாவளியினர். முன்பிருந்த மேலாளர் கத்தியே வேலை வாங்கினாராம். நான் அப்படி இருக்கக் கூடாது என்று, "எது என்றாலும் என்னிடம் சொல்லுங்கள், உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்" என்று சொல்லித் தொடங்கினேன். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள்; ஒருவரும் வாய் திறப்பதில்லை. உற்பத்தி இறங்கிவிட்டது. போன மாதம், பேக்கிங் முடிந்த பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றில் ஊசி முனை கிடப்பதை மெட்டல் டிடெக்டர் காட்டியது. எந்த லைனில் உடைந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. முப்பது வருட அனுபவமுள்ள சூப்பர்வைசர் ஆன்ட்டி, "உனக்கு இளகிய மனது, இவர்களுக்குப் பயம் வேண்டும்" என்கிறார். முதலாளியும் அதையே சொல்கிறார். அவரே லைனுக்கு வந்து நான் சொன்னதை மாற்றியும் சொல்கிறார். ஒரு பயிற்சி வகுப்பில் நாடுகளின் பண்பாட்டு அட்டவணை ஒன்றைக் காட்டினார்கள். அதன்படி, இந்தியர்களைவிடத் தென்னாப்பிரிக்கர்கள் மேலதிகாரியிடம் தயங்காமல் பேச வேண்டும். இங்கே அப்படி இல்லையே? நானும் கடுமையாக மாறிவிட வேண்டுமா? அல்லது வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டர்பன்

பதில்: அன்புச் சகோதரி,

கடுமையாக மாற வேண்டாம். இப்போது இருப்பதுபோலவும் இருக்க வேண்டாம். நீங்கள் கத்துவதை விட்டது சரி. அதோடு சேர்த்து இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். அதுதான் உங்களைத் தடுமாற வைத்திருக்கிறது.

தலைமையின் பாணிகளைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் தொடங்குகிற ஆய்வு ஒன்று உண்டு. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூவர் அமெரிக்காவின் அயோவாவில் செய்து 1939-ல் வெளியிட்டது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு சிறு மன்றங்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளையிட்டார். மற்றொருவர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். கட்டளைக் குழு, தலைவர் அறையில் இருக்கும்வரை நன்றாக வேலை செய்தது. அவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவில் தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை ஏறக்குறைய ஒரே சீராக நடந்தது. இதை நீங்களும் வகுப்பில் கேட்டிருப்பீர்கள்.

வகுப்புகளில் அதிகம் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது. கலந்து பேசும் தலைவராக நடக்க வேண்டிய ரால்ஃப் வைட், சிறுவர்களை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட்டார். அவர் செய்வது கலந்து பேசுவதும் இல்லை, கட்டளையிடுவதும் இல்லை என்று லெவின் கவனித்தார். அதையே மூன்றாவது பாணியாகத் தனியே பிரித்தார்: விட்டுவிடும் தலைமை. மூன்றிலும் மிகக் குறைவாக வேலை நடந்தது அந்தக் குழுவில்தான்.

"உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்" என்று நீங்கள் சொன்னது இந்த மூன்றாவது பாணி. நல்ல மனதோடு சொன்னீர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காதில் அது எப்படி விழும்? எதற்கு யார் பொறுப்பு, எது தவறு, தவறினால் என்ன நடக்கும் என்று எதுவுமே தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றுதான் விழும். பழைய மேலாளர் இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது; அது கொடுமையாக இருந்தாலும் தெரிந்திருந்தது. கலந்து பேசும் தலைமைக்குக் கட்டளைத் தலைமையைவிட அதிக ஒழுங்கு வேண்டும். காலையில் பத்து நிமிடம், லைன் லைனாக, இன்றைக்கு எந்த ஸ்டைல், நேற்று எங்கே நின்றது, எதை நீங்கள் முடிவு செய்வீர்கள், எதை அவர்கள் முடிவு செய்யலாம் என்று திட்டமாகச் சொல்ல வேண்டும். பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வரிசையை அவர்கள் மாற்றிக்கொள்ளலாம். தையல் அளவை மாற்ற முடியாது. இப்படிக் கோடு போட்டுக் கொடுத்தால்தான் அந்தக் கோட்டுக்குள் பேச்சு வரும். நூறு பேரை நிற்க வைத்து, "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டால் எந்த ஊரிலும் யாரும் பேச மாட்டார்கள்.

இனி அந்த மௌனத்துக்கு வருகிறேன். அதை அச்சம் என்றோ அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்பன் தொழிலாளர்களுக்கு அது தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு. 1973 ஜனவரி 9 அன்று இந்த ஊரின் கொரோனேஷன் செங்கல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம், சில வாரங்களில் நெசவாலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் பரவியது. பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். "உங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், பேசலாம்" என்று நிர்வாகங்கள் அழைத்தபோது தொழிலாளர்கள் மறுத்தார்கள். முன்னால் வந்து நிற்பவர் முதலில் வேலை இழப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். கறுப்பினத் தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரத்துக்கு வழி பிறந்ததே 1979-ல்தான். உங்கள் லைனில் இருப்பவர்களின் தாய்மார்களும் பாட்டிமார்களும் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள். "மேலாளர் கேட்கும்போது பேசாதே" என்பது வீட்டில் கற்றுக்கொடுத்த பாடம். நல்ல பேச்சு ஒன்றால் அது கரையாது.

அந்த அட்டவணை கீர்த் ஹோஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளருடையது. அதிகாரத்துக்கு அடங்கிப்போகும் மனப்பான்மையில் இந்தியாவுக்கு 77, தென்னாப்பிரிக்காவுக்கு 49 என்று இருக்கும். 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐ.பி.எம். நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்த எண்கள் அவை. தென்னாப்பிரிக்காவில் அன்று கேட்கப்பட்டவர்கள் வெள்ளையர்கள். நிறவெறி ஆட்சியின் நடுவில், ஒரு கணினி நிறுவனத்தின் வெள்ளை ஊழியர்கள் தங்கள் மேலதிகாரியிடம் எவ்வளவு தயங்கினார்கள் என்பது, மோபெனியில் சட்டை தைக்கும் ஜூலுப் பெண்ணைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லும்? அதை ஒதுக்கிவையுங்கள். உங்கள் ஆலையின் பண்பாட்டை உங்கள் ஆலையில்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க அந்த ஊசியே போதும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உலுக்கியது அதுதான். ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தியிருக்கக்கூடியது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒப்படைத்த பிறகே புது ஊசி என்ற விதி திருப்பூரிலேயே உங்களுக்குப் பழக்கம்; இங்கும் சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். சுவரில் இருப்பது ஆலையின் பண்பாடு ஆகாது. உடைந்த ஊசியோடு ஒரு பெண் கையைத் தூக்கியபோது என்ன நடந்தது என்பதுதான் பண்பாடு. முன்பு அவரைப் பார்த்துக் கத்தியிருப்பார்கள். இன்று நீங்கள் கத்துவதில்லை. ஆனால் துண்டு தேடும் இருபது நிமிடமும் அந்த லைனின் டார்கெட் நேரத்திலேயே வீணாகிறதா? லைன் போனஸ் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பணமும் குறைகிறதா? அப்படியென்றால் முனையைத் தேடாமல் தைத்துக்கொண்டே போனவர் தன் தோழிகளைக் காப்பாற்றினார் என்றே நினைப்பார். முதலில் அந்தக் கணக்கைத் திருத்துங்கள். ஊசி தேடிய நிமிடங்களுக்கு ஏற்ப டார்கெட் குறைக்கப்படும் என்று எழுதி, முதலாளியின் கையெழுத்தோடு ஒட்டுங்கள். ஊசி உடைந்ததைச் சொன்னவருக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. மறைத்தது தெரிந்தால் முறையான விசாரணை உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லுங்கள். செய்தியைக் கொண்டுவருபவரிடம் மென்மை, விதியில் உறுதி. இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்பதை உங்கள் ஆலை இதுவரை பார்த்ததில்லை.

போன மாதத்து ஊசியை மட்டும் இனித் தோண்டாதீர்கள். குற்றவாளியைத் தேடுகிறீர்கள் என்றே அது பொருள்படும்.

இப்படிச் செய்த பிறகு ஒன்று நடக்கும். அதற்கு முதலாளியை இப்போதே தயார்ப்படுத்துங்கள். பதிவேட்டில் ஊசி உடைந்த கணக்கும் ரிஜெக்ட் கணக்கும் கூடும். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறு குறையும் என்று எதிர்பார்த்தார். அந்தப் பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் தவறை அஞ்சாமல் சொன்னார்கள்; மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். உங்கள் ஆலையிலும் முதல் சில வாரங்கள் எண்கள் மோசமாகத் தெரியும். அப்போது பதறி யாரையாவது கடிந்துகொண்டால், மறுநாள் பதிவேடு சுத்தமாகிவிடும், ஊசி முனைகள் மறுபடியும் சட்டைக்குள் போய்விடும்.

ஆன்ட்டியை எதிரியாக நினைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் முன்னோர்கள் 1860 முதல் இங்கே கரும்பு வெட்ட வந்த நாளிலிருந்து, முதலாளிக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் ஒருவரை நிறுத்துவது இந்த மண்ணின் வழக்கம். தோட்டங்களில் நம்மவர்களுக்கு ஒரு சர்தார், ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு ஓர் இந்துனா. மேலே இருந்து வருவதை வாங்கிக் கீழே இறக்குவது அவர்கள் வேலை. ஆன்ட்டி உட்கார்ந்திருப்பதும் அதே நாற்காலிதான். மேலும், 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து மலிவான சீன ஆடைகள் குவிந்தபோது, டர்பனில் தையல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதை அவர் கண்ணால் பார்த்தவர். "பயம் வேண்டும்" என்று அவர் சொல்வதற்குள், இந்த ஆலையும் மூடிவிடுமோ என்ற அவருடைய பயம் இருக்கிறது. அவரைத் தனியே உட்கார வைத்து, எந்த ஆலை எப்படி மூடியது என்று கேளுங்கள். ஊசிப் பதிவேட்டை அவர் பொறுப்பில் கொடுங்கள். அவர் கையால் டார்கெட்டைக் குறைத்துக் கொடுத்தால், லைன் அதை நீங்கள் சொல்வதைவிட வேகமாக நம்பும்.

உங்கள் கடிதத்தில் ஷாப் ஸ்டூவர்டை, அதாவது ஆலையில் சங்கத்தின் பிரதிநிதியாக இருக்கும் தொழிலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது வியப்பாக இருக்கிறது. சங்கம் இருக்கும் ஆலை என்றால், புதிய விதியை ஒட்டுவதற்கு முன் அவரோடு பேசுங்கள். திருத்தம் சொன்னால் கேளுங்கள். 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி விசாரணைகளில் தொழிலாளியின் பக்கம் நிற்கும் உரிமை அவருக்கு உண்டு. நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் முப்பது நாட்களுக்குள் அந்தத் தொழிலின் பேச்சுவார்த்தைக் கவுன்சிலிடமோ, அப்படி ஒன்று இல்லாத இடத்தில் சி.சி.எம்.ஏ. என்ற தொழில் தகராறு தீர்க்கும் அமைப்பிடமோ போகலாம். திருப்பூர்ப் பழக்கத்தில் "நாளை முதல் வராதே" என்று வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மேலாளர்கள் சிலர் ஃபனகாலோ என்ற கலப்பு மொழியில் வேலை வாங்குவார்கள். அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள், அது ஏவல் மொழியாகவே பலர் காதிலும் விழுகிறது. கொஞ்சம் நல்ல ஜூலு கற்றுக்கொள்ளுங்கள். காலையில் வேலையைப் பற்றிப் பேசும் முன் வணக்கம் சொல்லி நலம் கேளுங்கள். திருமணமான மூத்த பெண்களை அவர்கள் பிறந்த குலப் பெயரோடு "மா" சேர்த்து அழைப்பது மரியாதை. யாரை எப்படி அழைப்பது என்று அவர்களிடமே கேட்கலாம். பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்காமல் கீழே பார்த்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர் முன் அப்படி நிற்கவே அவர்களை வளர்த்திருப்பார்கள். நம் கிராமங்களிலும் அப்படித்தான்.

கடைசியாக முதலாளி. மேலே சொன்ன எல்லாவற்றையும் அவர் ஒரு மதியத்தில் கலைத்துவிட முடியும். லைனுக்கு வந்து உங்கள் பேச்சை அவர் மாற்றும் ஒவ்வொரு முறையும், உங்களிடம் எதைச் சொல்லியும் பயனில்லை என்று அத்தனை பேரும் கற்றுக்கொள்கிறார்கள். அவரிடம் அறையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: லைனில் மாற்றம் வேண்டுமென்றால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் போய்ச் சொல்கிறேன். தலைமைப் பாணி, பண்பாடு என்றெல்லாம் அவரிடம் பேச வேண்டாம். ஊசி முனையோடு சரக்கு வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் ஆர்டருக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவரே கணக்குப் போடட்டும். நேரே லைனுக்கு வந்து உத்தரவிடுவது அவர் தந்தை காலத்திலிருந்து பழகிய நடை. ஒரே பேச்சில் மாறாது, இரண்டு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருக்கும். லைன் முன்னால் மட்டும் அவரை மறுத்துப் பேசாதீர்கள்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஆலை மூடும்வரை பாருங்கள். அதற்குள் முதலாளி அந்த ஒரு வாக்கைக் கொடுத்து, பாதியளவாவது காப்பாற்றினால் இருங்கள். வாக்கே கொடுக்க மறுத்தால் விலகிவிடுங்கள். பொறுப்பு உங்களிடமும் அதிகாரம் வேறொருவரிடமும் இருக்கும் வேலையில் அடுத்த ஊசிக்கு உங்கள் பெயர்தான் வரும். அதற்கு முன் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள். பொது வேலை விசா என்றால் அது இந்த ஆலையோடு கட்டப்பட்டது. வேறு இடத்துக்கு மாற புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலையில் ஒரு வருடம் தாண்டியிருந்தால் சட்டப்படி நான்கு வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் அதைவிட அதிகம் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.