இயேசுவின் ஊழியத்துக்கும் இன்று சபைகளில் ஊழியம் என்று நடப்பதற்கும் என்ன தொடர்பு?

"மூன்றரை வருடம் ஊழியம் செய்தார் என்கிறார்கள். அதில் இன்றைய கிறிஸ்தவனுக்கு என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். சபையில் வளர்ந்து, எங்கேயோ மனம் நொந்துபோனவர் நீங்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்த நோவு உண்டு.

முதலில் அந்த மூன்றரை வருடம். சுவிசேஷங்களில் அப்படி ஒரு கணக்கு எழுதியில்லை. ஏறக்குறைய முப்பது வயதில் தொடங்கினார் என்கிறார் லூக்கா. வருடத்துக்கு ஒருமுறை வரும் பஸ்கா பண்டிகையை யோவான் மூன்று தடவை சொல்கிறார்; அவர் பெயர் சொல்லாத இன்னொரு பண்டிகையையும் பஸ்காவாக எடுத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் மூன்றரை என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கொஞ்ச காலத்தில் பெரும்பகுதி கலிலேயாக் கடலோரத்தில், மீன்பிடிக்கிறவர்கள் நடுவில் கழிந்தது. செலவுக்கு யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியிலிருந்து கொடுத்தார்கள் என்று லூக்கா 8-இல் இருக்கிறது. இதைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை.

ஊழியம் என்ற சொல்லையும் பாருங்கள். நான் கன்னியாகுமரிப் பக்கம். அந்தக் காலத் தென் திருவிதாங்கூரில் எளிய சாதி மக்களிடம் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலைக்குப் பெயரே ஊழியம்தான். அதே சொல்தான் நம் வேதாகமத்தில், "மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று மாற்கு 10:45-இல் வருகிறது. இன்றைக்கு ஊழியக்காரர் என்றால் மாலை, மேடை, முன்வரிசை நாற்காலி.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினொரு மாதம் படுக்கையில் கிடந்தார்கள். அந்த வருடம் எங்கள் சபை கன்வென்ஷனுக்குப் பந்தல், மைக் செட், நோட்டீஸ் எல்லாம் என் பொறுப்பு. கர்த்தருடைய வேலை என்று அலைந்தேன். வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். தினமும் காலை ஆறு மணிக்கு வந்து, அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, படுக்கைப் புண் வராமல் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார். சம்பளம் எதுவும் வாங்கவில்லை.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை. பேசினில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் காலைத் துடைக்கலாம் என்று போர்வையை விலக்கினேன். குதிகாலில் வெடிப்பு, விரல் இடுக்கில் தோல் வெந்து வெள்ளையாக இருந்தது. அந்தக் காலை அத்தனை மாதமாக நான் பார்க்கவே இல்லை. அம்மா நல்ல கையால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். "வேண்டாம் மக்ளே, நீ போ" என்றார்கள், குழறலாக.

"நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்று, தன் காலைக் கழுவ வந்த இயேசுவிடம் சீடர் பேதுரு சொன்னதைப் பணிவு என்றுதான் அதுவரை கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதில் இருக்கிற கூச்சம் எனக்குப் புரிந்தது. கழுவப்படுகிறவருக்கும் அது கஷ்டம். இயேசு குஷ்டரோகியை வெறும் வார்த்தையாலேயே குணமாக்கியிருக்கலாம், ஆனாலும் "கையை நீட்டி, அவனைத் தொட்டு" என்று மாற்கு எழுதுகிறார். எத்தனை வருடமாக யாரும் தொடாத உடம்போ! அந்தத் தொடுதலைத்தான் நான் ஊழியம் என்கிறேன்.

உடனே, இரட்சிப்பு நம் செயலால் வருவதில்லை என்று எபேசியர் 2:8-ஐ எடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள். கிருபையினால்தான் இரட்சிப்பு என்று நானும் விசுவாசிக்கிறேன். சுவிசேஷம் சொல்ல வேண்டாம், கூட்டம் போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாப் போதகர்களையும் குறை சொல்லவும் இல்லை. அம்மாவுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத போதகரும் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா இறந்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டச் சொல்வதற்கு முன்னால், பதினொரு மாதச் சபைச் சந்தா பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். பிணம் வீட்டில் கிடக்கிறது, நான் ஆலய அலுவலகத்தில் ரசீதுக்கு நிற்கிறேன். என்னிடம் பணம் இருந்தது, கட்டினேன். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? விதி என்றால் விதிதான், சரி. அதை அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டால் என்ன? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்த பேசின் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா படுக்கையில் இருக்கிறார், கிறிஸ்தவர் இல்லை. அக்கா தினமும் போகிறார், நான் சனிக்கிழமைகளில் போகிறேன். தாத்தாவைப் புரட்டும்போது தோளை மட்டும் பிடித்து இழுக்கக் கூடாது, இடுப்புக்கும் கை கொடுக்க வேண்டும் என்று போன வாரம்தான் அக்கா சொல்லிக்கொடுத்தார்.