உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பிக்கும் முறையை நவீனமாக்க என்ன செய்ய வேண்டும்?

வகுப்புக்கு ஒரு பெரிய திரை வாங்கி மாட்டிவிட்டு, நவீனமாகிவிட்டோம் என்று உங்கள் பள்ளியிலும் சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுப்பவன் நான். முதலில் சூத்திரம், பிறகு அதில் எண்களைப் பொருத்தி இருபது கணக்கு என்ற வரிசை மாறாதவரை திரையால் பயனில்லை.

இருபடிச் சார்பை (y = ax² + bx + c) இப்போது வரைபடத்திலிருந்தே தொடங்குகிறேன். வரைபடங்களை வரைந்து மாற்றிக் காட்டும் ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் 2001 முதல் இருக்கிறது. வகுப்பில் பயன்படுத்தக் கட்டணமும் இல்லை. மாறிலியான c-ஐக் கூட்டினால் பரவளையம், அதாவது அந்தச் சார்பின் வளைவு, மேலேறும் என்பதைப் பிள்ளைகள் உடனே ஊகித்துவிடுவார்கள். நடுக் கெழுவான b-ஐ மட்டும் மாற்றினால்? நோட்டில் வரையச் சொன்னேன். அநேகமாக எல்லோரும் பக்கவாட்டில் நகர்த்தியே வரைந்தார்கள். திரையில் மாற்றிக் காட்டியபோது, வளைவின் முனை ஒரு பக்கமாக ஏறி மறுபக்கம் இறங்கியது. அதன் தடமே இன்னொரு பரவளையம்! அதே அகலம், ஆனால் தலைகீழ். "அந்தத் தடத்துக்கும் சமன்பாடு உண்டா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு விடை காண வர்க்கப் பூர்த்தி, அதாவது கோவையை ஒரு முழு வர்க்கமும் ஓர் எண்ணுமாக மாற்றி எழுதும் முறை, வேண்டும். எப்போதும் முனகிக்கொண்டே செய்யும் அந்தப் படிகளை அன்று வகுப்பே முன்வந்து செய்தது. முனையின் ஆயத்தொலைவுகளிலிருந்து நடுக் கெழுவை நீக்கியதும், இருபடிக் கெழுவான a குறி மாறி நின்றது. தலைகீழானதன் காரணம் தெரிந்துவிட்டது. இத்தனை ஆண்டுப் பணியில் நான் மிகவும் பெருமைப்படும் வகுப்பு அது.

உடனே, "அப்படியானால் வாய்ப்பாடு வேண்டாமா?" என்று சிலர் வருவார்கள். வேண்டும். கையால் காரணிப்படுத்தத் தெரியாத பிள்ளைக்கு மேற்சொன்ன நிரூபணம் எட்டாது. பழையதை எல்லாம் தூக்கி எறியச் சொல்பவன் நானல்ல. 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சிக்குப் பின், அமெரிக்காவில் 'புதிய கணிதம்' பள்ளிகளில் வேகமாகப் பரவியது. கணங்களும் (sets) பத்தடிமானம் அல்லாத எண் முறைகளும் சிறு வகுப்புகளுக்கே வந்தன. ஆசிரியர்கள் பலருக்குப் போதிய பயிற்சி இல்லை. வீட்டுப்பாடம் பெற்றோருக்கே விளங்கவில்லை. 1970களில் அது கைவிடப்பட்டது. பாடப்பொருளை மாற்றுபவர்கள் ஆசிரியரின் தயாரிப்புக்கு நேரம் ஒதுக்க மறந்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த நேரம் எங்களுக்கு எங்கே இருக்கிறது? மேலே சொன்ன ஒரு பாடவேளைக்கு ஒரு முழு மாலை தயாரிப்பு தேவைப்பட்டது. மற்ற மாலைகளை வருகைப் பதிவும் படிவங்களும் தின்றுவிடுகின்றன. காகிதத்தில் எழுதிய அதே விவரத்தைக் கணினியிலும் ஏற்ற வேண்டும். இணைப்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதற்கு ஓர் எழுத்தரை நியமிக்கக் கேட்டால், ஆசிரியருக்கு வேலை செய்ய மனமில்லை என்கிறார்கள். உங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தால், திரையின் விலையை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.