கவனக்குறைபாட்டு மருந்துகள்: குழந்தை மனநல மருத்துவர் பதில் அளிக்கிறார்

கேள்வி: ஓரிடத்தில் உட்காராத ஒன்பது வயதுப் பையனுக்கு மூளையைத் தூண்டும் மாத்திரை கொடுத்தால் ஆட்டம் அதிகமாகிவிடாதா, டாக்டர்?

பதில்: அதிகமாகாது. நரம்பணுக்கள் செய்தி கடத்த வெளியிடும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை மீத்தைல்பெனிடேட் என்ற அந்த மாத்திரை அடைப்பதால், அவை அணுக்களுக்கிடையே கூடுதல் நேரம் தங்குகின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி இவ்விரண்டும் மிகக் குறைந்தாலும் தடுமாறும், மிகக் கூடினாலும் தடுமாறும். சரியான அளவு மருந்து அதை நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. திரையில் அம்புக்குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், இடையில் மணி ஒலித்தால் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றொரு சோதனை உண்டு. கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அப்படி நிறுத்துவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது; மருந்து அந்நேரத்தைக் குறைக்கிறது. பசியும் தூக்கமும் குறையக்கூடும் என்பதால் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: அக்காள் மகனுடைய மாத்திரையில் ஒன்றை என் மகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அமைதியாகப் படித்தாள். அப்படியென்றால் அவளுக்கும் குறைபாடு உறுதிதானே?

பதில்: இல்லை. ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். 1978இல் ஜூடித் ராப்பபோர்ட் குழுவினர், எந்தக் குறைபாடும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் என்ற மற்றொரு தூண்டு மருந்தை ஒரு வேளை கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் ஓட்டம் குறைந்து கவனம் கூடியது. ஆகவே மருந்து வேலை செய்வது நோயைக் காட்டும் சான்று ஆகாது.

கேள்வி: நீங்கள் சொல்வதே எனக்குச் சாதகமாக இருக்கிறதே, ஐயா! எல்லாருக்கும் கவனம் கூடுமென்றால், தேர்வுக்குப் படிக்கும் நான் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

பதில்: கவனம் கூடுவதும் சிந்தனை கூர்மையாவதும் வேறு வேறு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைப் பைக்குள் தேர்ந்து அடுக்கும் கணக்கை ஆரோக்கியமான 40 பேருக்குக் கொடுத்தனர். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம் முயன்றார்கள், பொருள்களை விரைவாக மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் அந்த முயற்சியின் தரம் குறைந்தது. மருந்தின்றிச் சராசரிக்கு மேல் செய்தவர்களே பெரும்பாலும் சராசரிக்குக் கீழே இறங்கினார்கள்.

கேள்வி: (அதே மாணவர்) ஆனால் எடுத்துக்கொண்ட நண்பர்கள் நன்றாக எழுதியதாகச் சொல்கிறார்களே?

பதில்: முனைப்பு கூடியவருக்கு அப்படித்தான் தோன்றும், நன்றாக எழுதினாரா என்பதை விடைத்தாளைத் திருத்துபவர் சொல்லட்டும். மேலும் இந்தியாவில் மீத்தைல்பெனிடேட் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து.

கேள்வி: இந்த மாத்திரைக்குக் குழந்தை அடிமையாகிவிடுமா?

பதில்: கோகெயின் என்ற போதைப்பொருளும் டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் இதே வழியைத்தான் அடைக்கிறது, வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. விழுங்கிய மாத்திரை மூளையில் உச்சத்தை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அந்த மெதுவான ஏற்றம் போதையைத் தருவதில்லை. பொடியாக்கி உறிஞ்சினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கேள்வி: பிற்காலத்தில் போதைப் பழக்கம் வருமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். முறையான சிகிச்சை அந்த அபாயத்தைக் கூட்டுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை.

கேள்வி: 22 கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம்?

பதில்: நேரில் பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அட்டோமாக்செட்டின் தொடங்கி நான்கு நாளாகியும் மாற்றமில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அது முதன்மையாக நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சும் வழியை அடைக்கும் மருந்து. முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.