குவாண்டம் இரைச்சலுக்குள் இரகசியம்: மகளை எந்தப் பக்கம் விடுவது?

அம்மா, ஏ.எல் எழுதிய மகள் குவாண்டம் தொடர்பாடலில் இரகசியம் ஒளிக்கிற வித்தையைத்தான் படிப்பேன் என்று நிற்கிறா, விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. ஆனால் அதற்குள் இருக்கிற கணிதத்துக்கு வேலைச் சந்தையில் நல்ல கேள்வி உண்டு.

செய்தியைப் பூட்டுவது வேறு, செய்தி போனதே தெரியாமல் அனுப்புவது வேறு. 1984 இல் பெனற், பிரசாட் இருவரும் தந்த பிபி84 முறை பூட்டுக்குச் சாவி பகிர்வதற்கானது. மகள் சொல்வது இரண்டாவது வகை: வழியில் இயல்பாக வரும் பிழைபோல வேடமிட்டுச் செய்தி போகும்.

சாதாரணக் கணினியின் பிட் (0 அல்லது 1) போல, குவாண்டத்தில் கியூபிட். ஐந்து கியூபிட்டை ஒரு தொகுதியாகச் சேர்த்து, வழியில் வரும் பிழையைக் கண்டு திருத்துகிற ஐந்து கியூபிட் பிழைதிருத்தக் குறிமுறையை எடுங்கள். ஒவ்வொரு கியூபிட்டிலும் மூன்று வகைப் பிழை வரலாம், ஆக 15. பிழையே இல்லாத நிலையையும் சேர்த்தால் 16 அடையாளங்கள். 16 என்பது 2 இன் நான்காம் அடுக்கு, அப்படியானால் ஒரு தொகுதியில் 4 பிட் ஒளிக்கலாம் என்றுதான் பிள்ளைகள் உடனே சொல்வார்கள். தவறுகிற இடம் அதுதான். கியூபிட்டுக்கு 1% பிழையுள்ள வழியில் 0.99 இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது நூற்றுக்கு 95 தொகுதிகள் சுத்தமாக வரவேண்டும். 16 அடையாளங்களையும் சமமாகப் பாவித்தால் ஆறுதான் சுத்தமாக வரும். கண்காணிப்பவர் உடனே பிடித்துவிடுவார். இயல்பான விகிதத்தைக் காத்தால் தொகுதிக்கு அரைப் பிட்டும் தேறாது. அதுவும், உண்மையான இரைச்சல், அதாவது வழியில் இயல்பாக வரும் பிழை, கண்காணிப்பவர் நினைப்பதைவிடக் குறைவாக இருந்தால்தான் ஒளிக்க இடமே கிடைக்கும்.

இந்தக் கணக்கோடு மகள் ஒரு பின்னேரம் சலிக்காமல் இருந்தால் தாராளமாக விடுங்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலும் கணிதமும் சேர்த்து எடுப்பது இதற்கு நேர்வழி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கைகொடுத்தால், அதே பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில் மின், இலத்திரனியல் பொறியியலும் பொருந்தும். தாயங்கள், சிக்கலெண், நிகழ்தகவு மூன்றும் உறுதியாக இருக்கவேண்டும். அவை இல்லாமல் 'குவாண்டம் டிப்ளோமா' என்று காசு கட்டாதீர்கள். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் அதனால்தான், கணிதத்தால் அல்ல.

வேலைப் பக்கம், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும்படி அமைத்த மூன்று குறியாக்கத் தரங்களை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.ரி. 2024 ஓகஸ்டில் வெளியிட்டது. பழைய முறைகளைக் கழற்றி இவற்றைப் பூட்டுகிற வேலை கணினி வலையமைப்புப் பாதுகாப்பில் நெடுங்காலம் இருக்கும்.

பெறுபேறு வரும்வரை லப்டொப்பும் பைதன் நிரல்மொழியும் போதும். 1,000 தொகுதிகளுக்கு, கியூபிட்டுக்கு 1% வீதம் எழுந்தமானமாகப் பிழை போட்டு, சுத்தமானவற்றை எண்ணச் சொல்லுங்கள். 950 அளவில் வரவேண்டும். பிறகு 1% ஐ 5% ஆக்கினால் 770 அளவுக்கு இறங்கும். சில தொகுதிகளில் இரண்டு கியூபிட் ஒன்றாகப் பழுதாகி, குறிமுறை பிழையாகத் திருத்துவதையும் அங்கே காண்பா.