ஜெபத்தில் வறட்சி வந்தால் தேடலைத் தொடர்வது எப்படி?

கேள்வி: நாள்தோறும் ஜெபித்து, வேதம் வாசித்து வருகிறேன். தொடக்கத்தில் இருந்த மகிழ்ச்சி சில மாதங்களாக இல்லை. தேவனோடு இன்னும் நெருங்க விரும்புகிறேன். ஆனால் என் ஜெபம் எனக்கே வெறும் சொற்களாகத் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: உணர்வு வற்றியதை வைத்து உறவே அற்றுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். 88ஆம் சங்கீதமோ ஆறுதல் எதுவும் கிடைக்காமலேயே முடிந்துவிடுகிறது. இத்தகைய முறையீடுகளை இஸ்ரவேலர் மறைத்து வைக்காமல் தங்கள் ஆராதனைப் பாடல்களோடு சேர்த்தே காத்துவந்தார்கள் என்பதால், "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று நீங்கள் சொல்வதும் ஜெபம்தான். அழகான சொற்களைத் தேடுவதை விட்டு, அங்கிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து, வறட்சிக் காலத்தில் எந்தத் தீர்மானத்தையும் மாற்றாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஆன்மிகப் பயிற்சிக்கு வகுத்த விதிகளுள் ஒன்று இது: மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவில், ஆறுதலற்ற வேளையில் உறுதியாக நிற்க வேண்டும். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், அப்போது ஜெப நேரத்தைச் சற்றுக் கூட்டவும் சொல்கிறார். சோர்ந்திருக்கும் ஒருவருக்கு இது கடினம் என்பதால், குறித்த நேரத்தைக் குறைக்காமல் இருந்தாலே போதும் என்பேன். இன்றைக்கு ஒரு மணி நேரம், நாளைக்கு ஒன்றுமில்லை என்று அலைவதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் அமர்வது நல்லது. அந்நேரத்தில் ஒரு சங்கீதத்தை மெதுவாக, வாய்விட்டு வாசித்தால், சொந்தச் சொற்கள் வராத நாளிலும் ஜெபம் நின்றுபோகாது.

லூக்கா 18ஆம் அதிகாரத்து உவமையில், நியாயம் கேட்டு ஒரு நியாயாதிபதியிடம் ஓயாமல் போன விதவையைக் காட்டி, விடாமல் நச்சரித்தால் தேவன் இறங்கிவருவார் என்று சிலர் போதிப்பதுண்டு. அநீதியுள்ள நியாயாதிபதியே செவிகொடுத்தான் என்றால் தேவன் எவ்வளவு அதிகமாய்க் கேட்பார் என்பதே அந்த உவமையின் வாதம். மனமில்லாதவரை வற்புறுத்துவதற்காக அல்ல, ஏற்கெனவே கேட்கிறவரை நம்பியே நீங்கள் தொடர்கிறீர்கள். தமஸ்கு வழியில் கிறிஸ்துவைச் சந்தித்துப் பல ஆண்டுகள் ஊழியம் செய்த பவுலும், சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் நிருபத்தில் (3:12), தாம் இன்னும் தேறினவராகிவிடவில்லை, ஆசையாய்த் தொடர்கிறேன் என்றே சொல்கிறார்.

ஒருவரோடு ஒப்புரவாகாத மனத்தாங்கல் இருந்தால், மத்தேயு 5:23–24 சொல்கிறபடி முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உடற்களைப்பையும் கவனியுங்கள்: சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது உறக்கமும் உணவுமே, ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் போதகரிடமும் இதைச் சொல்லி, உங்களோடு சேர்ந்து ஜெபிக்கக் கேளுங்கள்.