ரோஜர் வில்லியம்ஸ் தீர்ப்புக்கு முன்பே தப்பினாரா?

இல்லை. மதபோதகரான அவர் தப்பியது ஒரு புத்தகத்தில் "ஜனவரி 1635", மற்றொன்றில் "ஜனவரி 1636" என்று இருப்பதாகக் கேட்டீர்கள்; இரண்டும் சொல்வது ஒரே ஜனவரியைத்தான். அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் காலனியான மாசசூசெட்ஸ் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது 1635 அக்டோபரில். அவர் அங்கிருந்த சேலம் என்ற ஊரை விட்டு ஓடியது அடுத்த ஜனவரியில். அதாவது நம் கணக்கில் 1636. "ஜனவரி 1635" என்பது பழைய கணக்கு.

1752இல் மாற்றும் வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆகவே அக்டோபர் 1635க்குப் பிறகுதான் ஜனவரி 1635 வரும்!

மூல ஆவணத்தில் தேதி ஜனவரி 1 முதல் மார்ச் 24க்குள் இருந்தால் ஆண்டோடு ஒன்று கூட்டிப் பாருங்கள், வரிசை சரியாகிவிடும். "1635/36" என்று இருந்தால் பின்னதை எடுங்கள், கூட்ட வேண்டாம். இக்காலப் பதிப்புகள் பல முன்பே திருத்தியிருக்கும், முன்னுரையைப் பார்த்துவிடுங்கள்.

பலர் வழுக்குவது மாத எண்ணில். மாதப் பெயர்களில் புறமதத் தெய்வங்கள் இருப்பதால் அக்காலனியில் குடியேறிய பியூரிட்டன்கள் (கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) எண்ணால் எழுதினார்கள். முதல் மாதம் மார்ச். 11ஆம் மாதம் ஜனவரி, நவம்பர் அல்ல.

வில்லியம்ஸ் தப்பிய பின் நிறுவிய பிராவிடன்ஸ் குடியேற்றம் 1636 என்பதில் இந்தச் சிக்கல் இல்லை; அது மார்ச்சுக்குப் பிந்தியது.