யாங்ஷோ வயல்வெளியில் சைக்கிள் ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டுமா?

கேள்வி: அக்டோபர் இறுதியில் சீனாவின் குவாங்சி பகுதியிலுள்ள யாங்ஷோவுக்குச் செல்கிறேன். வழிகாட்டி இல்லாமல், வாடகைச் சைக்கிளில் யூலோங் ஆற்றங்கரைக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்து, ஓரிரவு ஒரு விவசாயி வீட்டில் தங்க விரும்புகிறேன். இதற்குக் காவல்துறை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று பயண முகவர் ஒருவர் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முறையான விசாவுடன் வந்த ஒருவர் யாங்ஷோவில் சைக்கிள் ஓட்டுவதற்கு எந்தச் சீட்டும் தேவையில்லை.

சட்டம் கவனிப்பது நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை அன்று, இரவில் எங்கே தங்குகிறீர்கள் என்பதைத்தான். விடுதியில் தங்கினால் உங்கள் பெயரைக் காவல்துறையில் பதிவு செய்வது விடுதியின் வேலை. விவசாயி வீட்டில் தங்கினால் அந்தப் பொறுப்பு உங்களையும் வீட்டுக்காரரையும் சேர்கிறது. போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நகரத்துக்கு 24 மணி, கிராமத்துக்கு 72 மணி என்று பழைய விதி இருந்தது. 2013 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கிராமச் சலுகை போய்விட்டது. ஆனாலும் பழைய வழிகாட்டி நூல்களைப் படித்தவர்களும், சில வீட்டுக்காரர்களுமேகூட, மூன்று நாள் அவகாசம் உண்டு என்று இன்றும் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஒரே இரவுதானே என்றாலும் பதிவு பதிவுதான். வாசலில் விடுதி என்று பலகை வைத்திருக்கும் கிராமத்து வீடாக இருந்தால், உங்களைப் பதிவு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் தகுதி எங்கள் விடுதிக்கு இல்லை என்று காரணம் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என 2024-இல் அரசே அறிவித்த பிறகும், பதிவு செய்யும் முறையைச் சிறு விடுதிக்காரர்களுக்கு யாரும் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த அலட்சியத்தின் விலையை இரவு ஒன்பது மணிக்கு மூட்டையுடன் தெருவில் நிற்கும் பயணிதான் கொடுக்கிறார்.

பதிவுக்குக் கடவுச்சீட்டின் அசல் வேண்டும். ஆகவே, சைக்கிள் கடைக்காரர் அதைப் பிணையாகக் கேட்டால் ஒருபோதும் கொடுக்காதீர்கள். பணமாகப் பிணை வைத்து ரசீது வாங்குங்கள், அதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வண்டியை எடுக்குமுன் அதில் இருக்கும் கீறல்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் கூடவே சைக்கிளில் வந்து அன்பாகப் பேசிப் பாதை காட்டிவிட்டு, முடிவில் வழிகாட்டிக் கூலி கேட்பவர்கள் உண்டு. முதல் ஐந்து நிமிடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூங்கில் படகுக்குத் துறையிலுள்ள சீட்டுக் கவுண்ட்டரைத் தவிர வேறு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

பாதையைப் பொறுத்தவரை, நிலா மலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுற்றுலாப் பேருந்துகளின் நெரிசல் அதிகம். பைஷா என்ற ஊரின் பக்கம் சென்று, 1412-இல் மிங் வம்ச ஆட்சியில் கட்டப்பட்ட யூலோங் கல்பாலத்திலிருந்து ஆற்றோடு கீழ்நோக்கி வாருங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே வயலும் பொமேலோ தோப்பும் மாறி மாறி வரும். கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சீனாவில் வரைபடத்தில் இடங்களைக் குறிக்க வேறு கணக்கு முறை இருப்பதால் அது உங்கள் இடத்தைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். ஆற்றங்கரையில் அவ்வளவு தள்ளினால் நீங்கள் எதிர்க்கரையில் நிற்பதாகத் தெரியும். அமாப் என்ற சீன வரைபடச் செயலியைக் கிளம்புமுன்பே கைப்பேசியில் ஏற்றி வையுங்கள்.

நீங்கள் போகும் நேரம் இரண்டாம் போக அறுவடைக் காலம். கிராமத்துச் சிமெண்டுப் பாதையிலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அங்கே இறங்கி, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.